பதினொரு நிமிடத் தண்ணீர்

பிப்ரவரி 3

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இன்று அந்த மனநிலையில் நான் இல்லை.

வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டி, என் மனைவி சாமான்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி மகன் வீட்டுக்கு அனுப்பினாள். ஒரு பெட்டியின் மேல் ‘அடுக்களை’ என்று எழுதிவிட்டாள். உள்ளே இருந்தது அடுக்களைச் சாமான் இல்லை. எண்பது வருடப் பழைய நீராவி ரயில் எஞ்சின். முழங்கை நீளம்தான், ஆனால் பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கு ஏற்றினால் பெரிய எஞ்சின் எப்படி ஓடுமோ அப்படியே ஆவியில் ஓடுவதற்காகச் செய்தது. மகன் வீட்டில் இடமில்லை என்று மருமகள் அந்தப் பெட்டியை உங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நேற்று போனில் பெருமையாகச் சொல்கிறாள்: ‘அம்மா அதைப் பளபளன்னு தேய்ச்சு வச்சிருக்காங்க மாமா.’

அந்தப் பச்சை வண்ணம் எஞ்சின் பிறந்த பட்டறையிலேயே பூசியது. அதன் மேல் மயிரிழைப் பொன் கோடு, கையால் இழுத்தது. வண்ணம் குலையாத எஞ்சின் இந்த ரகத்தில் எத்தனை மிச்சம் என்று எங்கள் நீராவி எஞ்சின் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கை விரல்களைக்கூட முழுதாக மடக்க மாட்டார்கள். முப்பத்தாறு வருடம் பல் வைத்தியம் பார்த்தவன் நான். கறை எடுக்கிறேன் என்று பல்லையே எடுத்த ஆளை இதுவரை பார்த்ததில்லை.

இனி ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டாம். எதையும் கழற்ற வேண்டாம், முக்கியமாக அடிப்பக்கத்தில். அப்படியே மூடி அனுப்புங்கள். ஏப்ரல் 12 அன்று சங்கத்தின் ஆண்டுக் கூடுகை. வருடா வருடம் அதை மேஜையில் காட்சிக்கு வைப்பவன் நான்.

போனில் கூப்பிட வேண்டாம். பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

—

பிப்ரவரி 9

ஆண்டவன் துணை.

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் நியாயமானது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

வினிகரும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். இடப்பக்கம் மட்டும். பெட்டி மேல் அடுக்களை என்றிருந்தது. உள்ளே பித்தளையில் ஏதோ கரி படிந்து கிடந்தது. கரியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. துணியில் பச்சை ஏறியதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அதற்குள் ஒரு பக்கம் போயே போய்விட்டது, நீங்கள் சொல்லும் பொன் கோட்டோடு. தெரியாமல் செய்தேன் என்றாலும் செய்தது நான்தான். அந்தத் துணியைக்கூடக் கழுவ மனம் வராமல் மடித்து வைத்திருக்கிறேன். என்னை மன்னியுங்கள்.

அடுத்தது, கழற்ற வேண்டாம் என்ற விஷயம். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தபோது நாற்பத்து மூன்று திருகாணிகள் ஏற்கெனவே அட்டையில் வரிசையாகக் குத்தி இருந்தன. பயப்படாதீர்கள். எது எங்கிருந்தது, எத்தனை சுற்றில் கழன்றது, எதன் தலை தேய்ந்திருக்கிறது எல்லாம் நோட்டில் இருக்கிறது, படத்தோடு. எங்கள் வீட்டுத் தையல் மிஷினும் மிக்ஸியும் இப்படித்தான் என் கையில் நாலைந்து தடவை உயிர் பிழைத்திருக்கின்றன. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கழற்றினேன், எழுதினேன், எழுதியதைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டே மாட்டினேன். காலைப் பிரார்த்தனை முடிக்காமல் திருப்புளியைத் தொடுவதில்லை. அதனால் கையும் நடுங்குவதில்லை.

எங்கள் வீட்டுக்காரர், ‘அடுத்தவங்க சாமானை இப்படிப் பிரிச்சுப் போட்டிருக்கியே, சம்பந்தி சண்டைக்கு வரப் போறாரு’ என்றார். ‘வரட்டும், வந்தா ஓடுற எஞ்சினைப் பார்த்துட்டுப் போகட்டும்’ என்றேன்.

ஐயா, இவ்வளவு அழகான வேலையை நான் பார்த்ததில்லை. சிலிண்டர் என் சுண்டுவிரல் தடிமன். உள்ளிருந்த பிஸ்டனைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றினால், தூங்குகிற குழந்தை மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். ஆவி எப்படி வந்து எப்படித் தள்ளி எப்படி வெளியே போகிறது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்துப் புரிந்துகொண்டேன். குக்கரோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு ஆவி ஒன்றும் அந்நியம் இல்லை.

இது ஓடி இருபத்திரண்டு வருடம் ஆயிற்று என்கிறாள் மகள். ஓட்டித்தான் அனுப்புவேன். ஒரு பக்கத்தைக் கெடுத்ததற்கு நான் செய்யக்கூடிய ஈடு அதுதான்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சாப்பிட வந்தார். மேஜையில் எஞ்சினைப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். என்ன என்று கேட்டதற்கு, ‘அது நான் கெடுத்தது அத்தை. என் பக்கத்துல வைக்காதீங்க’ என்றார். என்ன நடந்தது?

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

—

பிப்ரவரி 15

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மன்னிப்புக் கேட்டீர்கள். ஏற்றுக்கொள்கிறேன், வலியோடு.

மகனைப் பற்றிக் கேட்டதற்குப் பதில்: அவனுக்கு அப்போது ஒன்பது வயது. பாய்லரில் தண்ணீர் ஊற்றுவது அவன் பொறுப்பு. ஒரு நாள் ஊற்ற மறந்தான். தண்ணீர் இல்லாமல் சூடேறினால் என்ன ஆகும் என்று குக்கர் வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிதாக நான் அவனைத் திட்டவும் இல்லை. பழைய கதை.

இப்போது அதற்கு இருக்கும் ஒரே வியாதி விளக்கின் திரி. நாலு நிமிடத்தில் அணைந்துவிடும். திரி நல்லதாகக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். பாய்லர் நன்றாகவே இருக்கிறது. அதில் கை வைக்க வேண்டாம். மூடி அனுப்புங்கள்.

என் மனைவி உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். ‘இருபத்திரண்டு வருஷத்துல அதைத் தொட்டுப் பார்க்கத் தைரியம் வந்த ஒரே ஆளு அவங்கதான். அவங்களையும் நிறுத்தப் பார்க்கிறீங்க’ என்கிறாள். இந்த வீட்டில் எனக்கு ஆதரவு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

—

பிப்ரவரி 27

ஆண்டவன் துணை.

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். திரி என்றீர்கள். நம்பினேன். மூன்று திரியையும் மாற்றினேன். புதிய பருத்தி நூல், அளவாக நறுக்கி, இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல். குக்கர் வால்வை எப்படிச் சுத்தம் செய்வேனோ அப்படியே இதன் பாதுகாப்பு வால்வையும் சுத்தம் செய்து, தூக்கி விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கேற்றினேன். நாலு நிமிடம். அணைந்தது. மறுபடி ஏற்றினேன். நாலு நிமிடம்.

விளக்கைத் தனியாக வெளியே வைத்து ஏற்றினேன். அது பாட்டுக்கு எரிந்தது. அப்போது வியாதி விளக்கில் இல்லை.

அதற்கு மேல் என் வழக்கப்படி கணக்கு எழுத ஆரம்பித்தேன். இருமல் மருந்து அளக்கும் மூடியால் நூற்றிருபது மில்லி தண்ணீர் ஊற்றினேன். ஆவி சிலிண்டருக்குப் போகும் குழாயை அடைத்துவைத்தேன். பாதுகாப்பு வால்வு தூக்கவில்லை. ஆக, ஆவி வெளியே போக வழியே இல்லை. விளக்கு அணைந்து, எல்லாம் ஆறிய பிறகு வடித்து அளந்தேன். நூற்றிரண்டு. பதினெட்டு மில்லியைக் காணோம். ஐந்து நாள், ஐந்து தடவை. பதினாறு, பதினெட்டு, பதினேழு, பதினெட்டு, பதினெட்டு. ஒரு தடவை குறைந்தால் என் கை பிசகு என்பேன். ஐந்து தடவையும் குறைந்தால் எங்கோ ஓட்டை.

சைக்கிள் பம்பை பாய்லரில் பொருத்தி, வாளித் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்தேன். பஞ்சர் பார்க்கிற மாதிரிதான். அடிப்பக்கத்தில், தகடுகளை ஈயம் வைத்துச் சேர்த்த தையலில், விளக்குத் திரிக்கு நேர் மேலே, கடுகு கடுகாகக் குமிழி வந்தது. ஆவி அழுத்தம் ஏறியதும் அந்த இடம் வாய் திறந்து, சொட்டுச் சொட்டாகத் திரியில் விழுந்து விளக்கை அணைக்கிறது. பாவம் திரி, இத்தனை வருடம் பழி சுமந்திருக்கிறது.

அந்த இடத்தில் கறுப்பு வண்ணம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. சுரண்டினேன். உள்ளே வெள்ளையாக, கல் மாதிரி ஒன்று. ஈயம் இல்லை. பித்தளை இல்லை. நகத்தால் தட்டினால் கிண்ணென்கிறது. எங்கேயோ பார்த்த வெள்ளை என்று மண்டை குடைந்தது. பிறகு கண்ணாடி முன்னால் போய் வாயைத் திறந்து பார்த்தேன். கல்யாணப் பேச்சு நடந்த வருடம், ‘சம்பந்தியாகப் போறவங்க பல்லு வலியோட இருக்கக் கூடாது’ என்று சொல்லி என் கடைவாய்ப் பல்லை நீங்களே அடைத்தீர்களே. அதே வெள்ளை. ஓரத்தை வழித்துவிட்ட விதமும் அதே.

பல்லில் நன்றாகத்தான் நிற்கிறது, ஐயா. பாய்லரில் நிற்கவில்லை.

எதற்கு அடைத்தீர்கள், ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டிருக்க மாட்டேன். அது உங்கள் எஞ்சின். ஆனால் என் வீட்டில் நடப்பது ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

மாப்பிள்ளை எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தடவை இழுக்கிறார். அடுப்பை அணைத்துவிட்டு மகளிடம், ‘அணைச்சேனா? நீ பார்த்தியா?’ என்கிறார். அவர் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவரைப் பிரிவுத் தலைவராகப் போட விரும்புகிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒவ்வொரு அறிக்கையிலும் ‘சரி பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். வேண்டாம் என்று சொல்லப்போகிறாராம். ‘நான் சரியாப் பார்த்தேனான்னு எனக்கே நம்பிக்கை வராது அத்தை. சின்ன வயசுலேர்ந்தே எனக்கு மறதி’ என்றார். என் மகள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுகிறாள், எங்களுக்குக் கேட்கக் கூடாதாம். ஏப்ரல் பதினைந்துக்குள் அவர் பதில் கொடுக்க வேண்டும்.

அந்த மாப்பிள்ளையிடம் நான் இதுவரை ஒரு மறதியைக்கூடக் கண்டதில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

—

மார்ச் 4

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பெட்டியை அனுப்பவும்.

—

மார்ச் 10

ஆண்டவன் துணை.

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பெட்டி வராது. பாதியில் விட்ட வேலையை நான் யாருக்கும் அனுப்பியதில்லை.

போன ஞாயிறு மாப்பிள்ளையை உட்காரவைத்துக் கேட்டேன். அன்று என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள் என்று. முதலில் மறுத்தார். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே இருந்தேன். கை வேலையாக இருந்தால் எதிரில் இருப்பவருக்குப் பேச்சு வரும். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

‘அப்பாவோட சங்கத்து ஆளுங்க ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்திருந்தாங்க. வண்டி நல்லா ஓடுச்சு அத்தை. எல்லாரும் கை தட்டினாங்க. நின்னதும், இன்னொரு தடவை ஓட்டுங்கன்னு யாரோ கேட்டாங்க. அப்பா என்னை டம்ளர் எடுத்துட்டு வரச் சொன்னாரு. நான் தட்டோட திரும்பி வரும்போது வண்டி நடுவுல நின்னு, கீழ ஈயம் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் தண்ணி ஊத்த மறந்துட்டேன்.’

ஸ்பிரிட் யார் ஊற்றுவார்கள் என்று கேட்டேன். ‘ஐயோ, அந்தப் பாட்டிலை அப்பா யாரையும் தொட விடமாட்டாரு’ என்றார்.

இப்போது என் கணக்கைக் கேளுங்கள். அதே விளக்கை ஒரு சின்னப் பாத்திரத்துக்கு அடியில் வைத்து, அதே நூற்றிருபது மில்லியைக் காய்ச்சிப் பார்த்தேன். கொதி வந்த பிறகு பதினொரு நிமிடம் ஆவி வந்தது, அப்போதும் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம். ஏனென்றால் அதற்குள் விளக்கில் ஸ்பிரிட் தீர்ந்துவிடுகிறது. இதைச் செய்தவர் கெட்டிக்காரர். ஒரு தடவை நிரப்பிய ஸ்பிரிட்டால் ஒரு தடவை நிரப்பிய தண்ணீரை வற்றவைக்கவே முடியாதபடி அளவெடுத்து வைத்திருக்கிறார்.

தண்ணீர் ஊற்றாத எஞ்சின் ஒரு முழம்கூட ஓடாது. அன்று அது ஓடியது, கைதட்டல் வாங்கியது. ஆகவே பிள்ளை தண்ணீர் ஊற்றியிருக்கிறான். இரண்டாம் தடவை ஓட வேண்டும் என்றால் யாரோ விளக்கில் ஸ்பிரிட் நிரப்பியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளை அடுக்களையில் டம்ளர் எண்ணிக்கொண்டிருந்தான்.

இதை நான் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. நான் சொன்னால் அது வெறும் கணக்கு. நீங்கள் சொன்னால்தான் அவருக்கு அது உண்மை.

உங்கள் எஞ்சினின் ஒரு பக்கத்தை நான் கெடுத்தேன். கெடுத்தேன் என்று எழுதிய அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

—

மார்ச் 19

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

உங்கள் கணக்கு சரி. எங்கேயும் இடிக்கவில்லை.

அன்று என்னைச் சங்கத்துக்குச் செயலாளராகத் தேர்ந்தெடுக்க வந்திருந்தார்கள். எஞ்சின் ஓடிய ஓட்டத்தில் எனக்குத் தலை கால் புரியவில்லை. இன்னொரு தடவை என்றதும் ஸ்பிரிட்டை நிரப்பினேன். தண்ணீர் ஞாபகமே வரவில்லை. பேசிக்கொண்டிருந்தேன். கருகல் நாற்றம் வந்தபோது தையல் விட்டு ஈயம் தண்டவாளத்தில் முத்து முத்தாக விழுந்துகொண்டிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது மகன் டம்ளர் தட்டோடு உள்ளே வந்தான்.

என் வாயில் முதலில் வந்தது: ‘தண்ணி ஊத்தச் சொன்னேனே, ஊத்துனியா இல்லையா?’

அவன் ஒரு கணம் யோசித்தான். நன்றாக ஞாபகம் இருக்கிறது, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்து, நிஜமாகவே யோசித்தான். அந்த ஒரு கணத்தை நான் பிடித்துக்கொண்டேன். ‘பார்த்தீங்களா, மறந்துட்டான்’ என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ‘குழந்தைதானே, விடுங்க’ என்றார்கள். அவன் அழவில்லை. ‘மறந்துட்டேன்பா’ என்றான்.

மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கலாம். அங்கே பார்த்ததும் சொல்லிவிடுவார்கள், ஓடி முடித்த பிறகு வற்றியது என்று. அதனால் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். அடைத்தேன், மேலே கறுப்புப் பூசினேன். திரி சரியில்லை என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் நானே அதை நம்பிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்ததும் மனைவியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு நின்றேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை.

‘தெரியும்’ என்றாள். ‘மறுநாள் உங்க பல்லு அடைக்கிற சிமெண்ட் டப்பா என் அடுக்களை மேடையில இருந்துச்சு. எஞ்சினுக்கா பல்லு வலி?’

‘தெரிஞ்சும் ஏன் கேக்கல?’

‘நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு வாரம், ஒரு மாசம். அப்புறம் எனக்கும் பழகிப்போச்சு. அதுல என் தப்பும் இருக்கு.’

அவன் பூட்டை இழுத்துப் பார்ப்பதை நான் சுத்தமான பழக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். இதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இத்துடன் மகனுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், ஒட்டியிருக்கிறது. அவனிடம் சேர்ப்பித்துவிடுங்கள். தனியாக ஒரு பார்சலும் வரும். என் பல் சுரண்டும் ஊசிகள், பன்னிரண்டு. அந்தச் சிமெண்டைத் திருப்புளியால் தட்டினால் தையல் கிழியும். மெல்லிய வளைந்த ஊசியால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி எடுங்கள். அடைத்தவன் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

—

மார்ச் 31

ஆண்டவன் துணை.

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ஊசிகள் வந்தன. என்ன அருமையான சாமான். ஏழாம் நம்பர் ஊசியை நான் திருப்பித் தரப்போவதில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாளில் சிமெண்ட் முழுக்க வந்துவிட்டது. அதன் பிறகு பழைய ஈயம். குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார், செம்புக் குழாய்களை வெள்ளிப் பற்று வைத்துச் சேர்ப்பவர். அவரிடம் காட்டினேன். ‘ஈயம் ஒரு துளி மிச்சம் இருந்தாலும் வெள்ளி ஒட்டாதும்மா, அரிச்சுத் தின்னுடும். சுத்தமா எடுத்துட்டு வாங்க’ என்றார். எடுத்துக்கொண்டு போனேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ‘எந்தப் பட்டறைல எடுத்தது?’ என்றார். ‘டைனிங் டேபிள்ல’ என்றேன். அதற்குப் பிறகு என்னை ‘மேஸ்திரியம்மா’ என்று கூப்பிடுகிறார்.

தையல் முழுவதும் இப்போது வெள்ளிப் பற்று. ஓடும் அழுத்தத்தைப் போல இரு மடங்கு தண்ணீர் அழுத்தம் ஏற்றி, அவருடைய மீட்டரை வைத்து அரை மணி நேரம் பார்த்தோம். முள் அசையவில்லை. கடைசியில் இரண்டு தடவை முழுதாக ஓட்டினேன். முதல் தடவை பதினொரு நிமிடம். இரண்டாவதும் பதினொன்று.

நீங்கள் ஒட்டி அனுப்பிய கடிதம் ஒட்டியபடியே இதனுள் திரும்பி வருகிறது. நான் கொடுக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் எதிரில் வாயால் சொன்னதைத் தபாலில் திருப்பி எடுக்க முடியாது. அன்று இருந்தவர்களில் சிலராவது இன்னும் சங்கத்தில் இருப்பார்கள் அல்லவா?

வீட்டுக்காரருக்கு உங்கள் ஏப்ரல் 12 கூடுகை வாரத்தில் கண் அறுவை சிகிச்சை. அதனால் நான் வர முடியாது. எஞ்சினை மாப்பிள்ளை கொண்டுவருவார். ஆமாம், அவரேதான். ‘நான் தூக்கினா கீழ போட்டுடுவேன் அத்தை’ என்றார். ‘போட்டா மறுபடி சரி பண்ணிக்கலாம், எங்கிட்ட நோட்டு இருக்கு’ என்றேன். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, ‘எந்தப் பக்கம் பிடிச்சுத் தூக்கணும்?’ என்று கேட்டார்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். அழுத்தம் ஏறிய பிறகும் இந்த எஞ்சின் தானாகக் கிளம்பாது. அச்சில் இருக்கிற வட்டத் தகடு இடம் மாறினால்தான் ஆவிக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியும். அதற்கு, போக வேண்டிய பக்கமாகக் கையால் அரைச் சுற்று தள்ளிவிட வேண்டும். நாலு நாள் இதைத் தெரிந்துகொள்ளாமல், எல்லாம் சரியாக இருந்தும் ஏன் நிற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். தள்ளுவது மாப்பிள்ளை கையாக இருக்கட்டும்.

இடப்பக்கத்தில் பச்சை பூசித் தரட்டுமா என்று நினைத்தேன். ஏழாம் நம்பர் ஊசியால் பொன் கோடுகூட இழுத்துவிடுவேன். ஆனால் அது மேலே கறுப்புப் பூசுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று விட்டுவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

—

ஏப்ரல் 13

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலம். நலமறிய ஆவல். இந்த முறை மனதாரவே எழுதுகிறேன்.

சனிக்கிழமை மகன் வந்தான். பேருந்தில் ஆறு மணி நேரமும் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தானாம், தொடையெல்லாம் மரத்துப்போய் நொண்டிக்கொண்டு வந்தான். அன்றே சொல்லிவிட நினைத்தேன். சாப்பிடும்போது சொல்லலாம் என்றேன், சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. உங்களிடம் மறைப்பானேன்.

ஞாயிறு காலை பூங்காவில் சங்கத்தின் வட்டத் தண்டவாளம். இருபது பேர் இருப்பார்கள். அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் இரண்டு பேர் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தேன். அவன் உங்கள் மருந்து மூடியை எடுத்தான். ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு ஊற்றினான். மூடியைக் கவிழ்த்துவைத்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:

‘ஊத்திட்டேனாப்பா?’

எதிரிலேயே நின்று பார்த்திருக்கிறேன். அவன் கை ஈரம்கூடக் காயவில்லை. அப்படியும் கேட்கிறான்.

‘ஊத்திட்ட’ என்றேன். ‘அன்னிக்கும் ஊத்தினடா.’

அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் ஆரம்பித்தாயிற்று. நாற்காலியில் இருந்த இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சத்தமாகவே சொன்னேன். அன்று இவன் தண்ணீர் ஊற்றினான், வண்டி ஓடியது, இரண்டாம் தடவை ஸ்பிரிட் மட்டும் ஊற்றியது நான், பழியைப் பிள்ளை மேல் போட்டதும் நான். ஒருவர் காதில் கருவியைத் திருகிக்கொண்டு, ‘என்ன சொல்றாரு?’ என்றார். மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

அவன் எழுந்து நடந்தான். பூங்காவின் வேலியோரம் முழுக்கச் சுற்றினான். பேருந்து நிலையத்துக்கே போய்விட்டான் என்று நினைத்தேன். மனைவி, ‘வருவான், உக்காருங்க’ என்றாள். வந்தான்.

‘இருபத்திரண்டு வருஷம்பா.’

‘ஆமா.’

‘அம்மாவுக்குத் தெரியுமா?’

‘தெரியும்.’

‘அத்தைக்கு?’

‘அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. பதினெட்டு மில்லி குறைஞ்சதுன்னு.’

அதைக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கு அவனுக்கே கோபமும் வந்தது. முகத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கையை நீட்டினான்.

‘அந்த ஸ்பிரிட் பாட்டிலை இப்படிக் குடுங்க.’

கொடுத்தேன். அவனே நிரப்பினான், அவனே ஏற்றினான். ஆவி ஏறி வால்வு சீறியதும் உட்கார்ந்து, இரண்டு விரலால் மெதுவாகத் தள்ளினான். அரைச் சுற்று. அது அவன் விரலை விட்டுப் போயிற்று. நான் மறந்தே போயிருந்த அந்தச் சத்தம், எண்ணெயும் ஆவியும் கலந்த அந்த வாசனை. பதினேழு சுற்று. எனக்கு எண்ணத் தோன்றவில்லை, அவன் எண்ணியிருக்கிறான். பதினொரு நிமிடம், பத்து விநாடி.

வளைவில் திரும்பும்போதெல்லாம் ஒரு தரம் பச்சையாகப் போகும், ஒரு தரம் தங்கமாக வரும். ‘இந்தப் பக்கம் என்ன ஆச்சு?’ என்று கேட்காத ஆள் இல்லை. ‘என் சம்பந்தியம்மா கைவேலை’ என்றேன். அதற்குப் பச்சை பூச வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

முழுதாக மன்னித்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் என்னிடம் உப்பு மட்டும் கேட்டான். ஆனால் எஞ்சினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தவன் அவன்தான். அதைத் தன் வீட்டுக்கே எடுத்துப்போகிறேன் என்றான். சரி என்றேன்.

கடைசியாக ஒரு செய்தி. பெட்டி மேல் ‘அடுக்களை’ என்று எழுதியது தவறுதலாக இல்லையாம். உங்கள் வீட்டில் கொண்டுபோய் வைக்கும்படி மருமகளிடம் சொன்னதும் என் மனைவிதானாம். ‘அந்தம்மா கைக்குப் போனா மூடி வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டாங்கன்னு தெரியும். தேய்ப்பாங்கன்னுதான் எதிர்பார்க்கல’ என்கிறாள்.

ஏழாம் நம்பர் ஊசியை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

—

ஏப்ரல் 17

ஆண்டவன் துணை.

சம்பந்தி ஐயா அவர்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும்,

வணக்கம். வீட்டுக்காரருக்குக் கண் தெளிவாகத் தெரிகிறது. கட்டுப் பிரித்ததும் முதலில் என்னைப் பார்த்து, ‘இவ்வளவு நரைச்சிருச்சா உனக்கு’ என்றார். அறுவை சிகிச்சை வெற்றி.

சம்பந்தியம்மாவிடம் சொல்லுங்கள், அடுத்த தடவை பெட்டியில் ஏதாவது அனுப்பினால் தேய்க்கலாமா கூடாதா என்பதையும் மேலே எழுதிவிடச் சொல்லி.

பதினைந்தாம் தேதி மாப்பிள்ளை பரிசோதனைக் கூடத்தில் ‘சரி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எங்களிடம் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. பேனா நல்லதாக ஒன்று வாங்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். மகள் குழாயைத் திறக்கவில்லை, எங்கள் எதிரிலேயே அழுதாள்.

நேற்று எல்லாரும் வெளியே கிளம்பினோம். கதவைப் பூட்டுகிறேன் என்று மாப்பிள்ளை சாவியை வாங்கிக்கொண்டார். நான் படியிலேயே நின்றுவிட்டேன். பூட்டினார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்தார். கை மறுபடி பூட்டுக்குப் போயிற்று, பாதியில் நின்றது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ‘போலாம் அத்தை’ என்று முன்னால் நடந்தார். தெருமுனையில் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, எஞ்சின் கணக்கு முடிந்த பக்கத்துக்குக் கீழே தேதி போட்டு எழுதினேன்: பூட்டு, இரண்டு.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி